பிளான் போடுபவரே பில்டர் ஆனால்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. கண்ணெதிரே சேர்வராயன் மலை, கைக்கெட்டும் தூரத்தில் நகரம். மனைக்கு மவுசு இருக்கத்தானே செய்யும்! ஆனால் சேலம் வட்டாரத்தில் எழும் அடுக்குமாடிகள் பலவும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன: மேற்கு வெயிலுக்கு மறைப்பில்லாத சுவர், தரைத்தளம் முழுக்க கார் பார்க்கிங், பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் வீட்டுக்குள் இறக்கும் மொட்டை மாடி.

இதையெல்லாம் எப்படித் தவிர்ப்பது என்று ஆர்க்கிடெக்டுகளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவர்கள் கூலிக்குப் பிளான் போடுபவர்கள். எத்தனை வீடு, என்ன விலை, யாருக்கு என்பதெல்லாம் பணம் போடுபவரின் கணக்கு நோட்டில் முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த நோட்டை ஆர்க்கிடெக்டே கையில் எடுத்தால் என்ன ஆகும்?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் எடுத்தார்கள். ஜெரமி மெக்லியாட் என்ற கட்டிடக்கலைஞரின் 'பிரீத்' நிறுவனம், பிரன்ஸ்விக் பகுதியில் 'நைட்டிங்கேல் 1' என்ற குடியிருப்பைத் தானே பில்டராக நின்று கட்டியது. ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் கார் பார்க்கிங் வேண்டாம் என்றார்கள். இரண்டாவது குளியலறையும் வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷினும் வேண்டாம், மாடியில் பொதுச் சலவை அறை போதும் என்றார்கள். மிச்சமான பணம் நல்ல ஜன்னலுக்கும் காற்றோட்டத்துக்கும் போனது. பணம் போட்டவர்களின் லாபத்துக்கு 15 சதவீதம் உச்சவரம்பு. வீடுகள் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டன. வாங்கியவர் கொள்ளை லாபத்துக்கு மறுவிற்பனை செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். பார்க்கிங் இல்லை என்ற காரணத்தால் 2015-ல் தீர்ப்பாயத்தில் அனுமதி ரத்தானது; பிளானைத் திருத்தி, 2017-ல் கட்டி முடித்தார்கள்.

நமக்குப் பக்கத்திலும் முன்னோடிகள் உண்டு. கட்டிடக்கலைஞர் ஜீத் ஐப் போன்றோர் நடத்தும் 'குட் எர்த்', பெங்களூரு கெங்கேரி அருகே 'மல்ஹார்' என்ற குடியிருப்பைக் கட்டியிருக்கிறது. சூளையில் சுடாமல் மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்த கற்கள், பொது முற்றங்கள், கழிவுநீர் மறுசுழற்சி என்று சுற்றுச்சூழல் அக்கறையில் அது முழு மதிப்பெண் வாங்கும். ஆனால் சேலத்து வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி ஒருவர் அந்த விலைக்கு வீடு வாங்க முடியுமா? என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கும் பதில் இருந்தால்தான் அது முழுமையான வேலை.

கட்டிடக்கலைஞர் பி.வி. தோஷி அதற்கு 1980-களிலேயே இந்தூரில் வழி காட்டினார். அங்கே அமைந்த அரண்யா குடியிருப்புத் திட்டத்தின் பில்டர் அவரல்ல, இந்தூர் வளர்ச்சி ஆணையம். ஆனாலும் வரவு செலவுக் கணக்கோடு சேர்த்தே அந்த நகரை வடிவமைத்தார். சுமார் 6,500 மனைகளில் பெரும்பகுதி ஏழைகளுக்கு. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். அதில் அஸ்திவாரம், கழிப்பறை, குழாய் இணைப்பு, ஓர் அறை என்று தொடங்கிக் கொடுத்தால், குடும்பம் கையில் காசு சேரச் சேர மேலே கட்டிக்கொள்ளலாம். வசதியானவர்களுக்கு விற்ற மனைகளின் லாபம் ஏழைகளின் மனை விலையைக் குறைத்தது. 1995-ல் ஆகா கான் விருது இதற்குக் கிடைத்தது.

நம் ஊரில் ஆர்க்கிடெக்டே பில்டராகத் தொடங்கப் பெரிய மூலதனம் தேவையில்லை. 12 சென்ட் நிலம் 500 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். நிலம் அந்த அளவைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ ரெரா எனப்படும் 2016-ம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் அந்தச் சட்டத்தின் நல்ல விதியை விட்டுவிடக் கூடாது. வாங்குபவர் தரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை எந்த அளவு முடிந்தது என்று என்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று தந்த பிறகே அதை எடுக்கலாம். ஆர்க்கிடெக்டே பில்டராக இருக்கும்போது, ஆர்க்கிடெக்டுக்கான அந்தச் சான்றில் வெளி ஆர்க்கிடெக்ட் ஒருவர் கையெழுத்துப் போடுவதே முறை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஜாயின்ட் வென்ச்சருக்கு ஆள் தேடும்போது, பில்டரிடம் போகும் முன் சேலத்தின் இளம் ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். எட்டு வீட்டில் இரண்டையாவது பட்டறைத் தொழிலாளி வாங்கும் விலைக்கு ஒதுக்க முடியுமா என்று அவரிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள்.