வாடகை வீட்டு பிராட்பேண்ட்: கம்பி யாருக்குச் சொந்தம், காசு யாருக்கு நஷ்டம்?

ராயப்பேட்டையில வாடகைக்கு வீடு தேடுறவங்க தண்ணி வசதி, பைக் பார்க்கிங், தனி ஈபி மீட்டர், அட்வான்ஸ் எவ்வளவுன்னு நாலு விஷயத்தைக் கேட்டுட்டுதான் டோக்கன் கொடுப்பாங்க. அஞ்சாவதா ஒரு கேள்வி இருக்கு. "இந்த பில்டிங்ல எந்தெந்த கம்பெனி இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கும்?"

இதைக் கேட்காம விட்டா எவ்வளவு போகும்? ஒரு உதாரணக் கணக்கு. மாசம் 700 ரூபாய் பிளான், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 826 ரூபாய். ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா 9,912 ரூபாய். அஞ்சு மாசத்துல வீடு மாறுறீங்க. புது அபார்ட்மென்ட்ல அசோசியேஷன் வேற ஒரு கம்பெனியை மட்டும்தான் உள்ளே விடுது. மீதி ஏழு மாசத்துக்கான 5,782 ரூபாய் மாட்டிக்கும். புது கனெக்‌ஷன் செலவு தனி.

கம்பி யாரோடது?

லேண்ட்லைன் காலத்துல "ஓன் யுவர் டெலிபோன்"னு ஒரு திட்டம் இருந்தது. டெபாசிட் கட்டினா கனெக்‌ஷன் வரிசையில முன்னாடி போகலாம். பேர்லதான் சொந்தம், லைன் தொலைபேசித் துறையோடதுதான்.

இப்பவும் அடிப்படை அதேதான். தெருவிலிருந்து பில்டிங் டக்ட் வழியா உங்க வீட்டுக்கு வர்ற ஃபைபர் கம்பெனியோடது. ரௌட்டர் பெரும்பாலும் கம்பெனி கொடுத்து வைக்கிறது; காசு கொடுத்து வாங்கியிருந்தா பில்லைப் பத்திரமா வைங்க. வீட்டுக்குள்ள உங்க செலவுல இழுத்த லேன் கேபிள், வாங்கின மெஷ் கருவி உங்களோடது.

சட்டம் என்ன சொல்லுது? 1885-ம் வருஷத்து இந்திய தந்திச் சட்டப்படி, அடுத்தவங்க இடத்துல கம்பி போட்டா, அந்த இடத்தைப் பயன்படுத்துற உரிமை மட்டும்தான் கிடைக்கும். வீட்டை மாத்திக் கட்டும்போது கம்பியை இடம் மாத்தச் சொல்லிக் கேட்கவும் 17-வது பிரிவு வழி வச்சிருந்தது. அதுக்குப் பதிலா வந்த தொலைத்தொடர்புச் சட்டம் 2023-ல, 14-வது பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கு. கட்டடம் வேற, அதுல போட்ட நெட்வொர்க் வேறன்னு அது பிரிச்சுச் சொல்லுது. ஓனர் வீட்டை வித்தாலும் கம்பி அந்த விற்பனையில சேராது. கம்பி போட்ட கம்பெனிக்கும் சுவர்ல பங்கு கிடையாது.

நீங்க மாட்டின பொருளுக்கு சொத்து மாற்றுச் சட்டம் 1882-ன் 108-வது பிரிவு உதவும். குடியிருக்கிறவர் தான் பொருத்தினதைக் காலி பண்றதுக்குள்ள கழட்டிக்கலாம். ஆனா வீடு வாங்கினப்ப எப்படி இருந்ததோ அப்படியே விடணும். அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தா, அதுதான் செல்லும். தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017) மின்சார வயரிங் பராமரிப்பை ஓனர் பொறுப்புல வைக்குது; இன்டர்நெட் கேபிளைத் தனியா சொல்லல. அதனால எழுதி வாங்குறது உங்க வேலை.

"இங்க ஒரே கம்பெனிதான்"

2017 ஜனவரியில ட்ராய், கட்டடத்துக்குள்ள ஒரே நிறுவனத்துக்கு மட்டும் இடம் கொடுக்கிற ஒப்பந்தம் கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு. பரிந்துரைங்கிறது சட்டம் இல்ல. 2024 அக்டோபர்ல கட்டடங்களோட டிஜிட்டல் வசதிக்கு ஸ்டார் மதிப்பீடு தர்ற விதிமுறையும் வந்தது. அதுவும் பில்டர் விருப்பப்பட்டா எடுத்துக்கிறதுதான். அமெரிக்காவுல 2008-லயே குடியிருப்புகளுக்கு இப்படிப்பட்ட தனி ஒப்பந்தத்தை டெலிபோன் நிறுவனங்களுக்குத் தடை பண்ணிட்டாங்க. கட்டட உரிமையாளரோட வருமானத்தைப் பங்கு போடுற சில ஒப்பந்தங்களுக்கு 2022-ல தடை வந்தது.

நீங்க செய்ய வேண்டியது

1. டோக்கன் கொடுக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட எந்த கனெக்‌ஷன்னு கேளுங்க. ரெண்டு பேர் ரெண்டு கம்பெனி பேர் சொன்னா நிம்மதி.

2. பத்து மாசக் காசுக்குப் பன்னிரண்டு மாசம்னு வருஷ பிளான் வந்தா, கனெக்‌ஷனை மாத்த முடியாத நிலையில பத்து மாசத்துக்கு முன்னாடி காலி பண்ணினா நஷ்டம்தான். வீடு நிலையாகிற வரைக்கும் மாசா மாசம் கட்டுங்க.

3. அக்ரிமென்ட்ல ஒரு வரி சேருங்க: "குடியிருப்பவர் தன் செலவில் பொருத்திய இன்டர்நெட் கேபிள், கருவிகளைக் காலி செய்யும்போது எடுத்துச் செல்லலாம், சுவரில் ஏற்படும் துளைகளை அவரே சரிசெய்வார்." சுவருக்குள்ள பதிச்ச கேபிளை உருவப் போகாதீங்க, பூச்சு வேலைக்கு ஆகுற செலவு கேபிள் விலையைத் தாண்டிடும்.

4. ரௌட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்க. சீரியல் நம்பர் தெரியுற மாதிரி ஒரு போட்டோவும் எடுங்க. டெபாசிட் பணம் அதை வச்சுதான் திரும்ப வரும்.

5. பணம் வரலையா? முதல்ல கம்பெனி கஸ்டமர் கேர்ல புகார் எண் வாங்குங்க, அடுத்து அதே கம்பெனியோட மேல்முறையீட்டுப் பிரிவு. ட்ராய் தனிநபர் புகாரை நேரடியா விசாரிக்காது. அதுக்கும் அசையலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மூணு மாச வாடகையை அட்வான்ஸா கொடுக்கிறப்ப ஒண்ணுக்குப் பத்து தடவை யோசிக்கிறோம். 9,912 ரூபாயை மட்டும் ஒரே கிளிக்ல கட்டிடுறோம். அடுத்த வீடு பார்க்கப் போறப்ப, தண்ணிக் குழாயைத் திறந்து பார்க்கிற கையோட அந்த டக்ட்டையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க!