கோல்கும்பாஸும் ஒரு பாலிமர் மணியும்

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் நம்மில் பலரும் அழைத்துப் போவது கோல்கொண்டா கோட்டைக்குத்தான். கீழே ஃபதே தர்வாஜாவில் கை தட்டினால் உச்சியில் பாலா ஹிஸாரில் கேட்கும். சென்ற முறை உடன் வந்த என் அண்ணன் பேத்தி, "சின்னத் தாத்தா, வெளிச்சத்தையும் இப்படிக் கைமாற்றலாம், தெரியுமா?" என்றாள். அவள் பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி. அதில் சேர்ந்தபோது, "கம்ப்யூட்டர் படிக்காமல் இது எதற்கு?" என்று கேட்டவர்களில் அடியேனும் ஒருவன். ஆகவே இம்முறை வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

அவள் சொன்னதற்குப் பொருத்தமான உவமை கோல்கொண்டாவில் இல்லை, பீஜப்பூரில் இருக்கிறது. ஹூப்ளி கோட்டம் நம் தென் மத்திய ரயில்வேயில் இருந்த நாட்களில் வேலை நிமித்தம் அங்கு போயிருக்கிறேன். 1656-ல் முடிந்த கோல்கும்பாஸின் குவிமாடம் உள்ளே ஏறக்குறைய 38 மீட்டர் விட்டமுள்ளது. சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்புறம் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒலி நடுவெளியில் சிதறாமல் வளைந்த சுவரை ஒட்டியே ஓடுவதுதான் காரணம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வைத்து இதை விளக்கியவர் ராலே பிரபு. திருச்சியில் பிறந்த நம் சர் சி.வி. ராமனும் 1921-ல் அத்தேவாலயத்தில் சோதனை செய்தார். பிறகு கோல்கும்பாஸைப் பற்றியும் எழுதினார்.

இப்போது அந்த மாடத்தைத் தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். அதுதான் பாலிமர் நுண்மணி. தெர்மோகோல் எதனால் ஆனதோ அதே பாலிஸ்டைரீனில் ஒளிரும் சாயம் கலந்து இதைச் செய்யலாம். மணியின் மேல் லேசர் பட்டதும் சாயம் ஒளிர்கிறது. அந்த ஒளி உட்பரப்பில் சாய்வாக மோதி, வெளியேற முடியாமல் திரும்பத் திரும்பப் பிரதிபலித்து, சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்குள் முழு எண்ணிக்கையில் அடங்கும் அலைகள் மட்டுமே வலுக்கின்றன, மற்றவை மங்குகின்றன. ஒளியைப் பிரித்துப் பார்த்தால் சீப்பின் பற்களைப் போல் கூரிய முகடுகள் தெரியும்.

இன்னொரு மணியை அதைத் தொடும்படி வைத்தால் ஒளி அதற்குள்ளும் தாவுகிறது. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பச்சை முதல் சிவப்பு வரை ஒளிரும் மணிகளைக் கோத்துப் பார்த்தார்கள். ஒளி மணிக்கு மணி நிறம் மாறிக்கொண்டே போயிற்று. ஆனால் பச்சையிலிருந்து சிவப்பை நோக்கித்தான், எதிர்த்திசையில் இல்லை. பச்சை ஒளித்துகளுக்கு ஆற்றல் அதிகம், சிவப்புக்குக் குறைவு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வண்டி தானே உருளும். ஏற வேண்டுமானால் எஞ்சின் வேண்டும்.

சிக்னல் விளக்கோடு காலம் கழித்தவன் என்பதால் எனக்கு இது புதுமை. எங்கள் பழைய விளக்கின் சிவப்புக் கண்ணாடி, சிவப்பை விட்டு மற்ற நிறங்களைத் தடுத்துவிடும். அவ்வளவு வெளிச்சமும் வீண். இங்கே சாயமோ பச்சையை வாங்கிச் சிவப்பாகத் திருப்பித் தருகிறது.

இந்த ஆராய்ச்சி ஜப்பானில் மட்டும் நடக்கவில்லை. நம் கச்சிபௌலியில், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ராஜதுரை சந்திரசேகர் குழுவினர் அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையால் இத்தகைய மணிகளைத் தூக்கி, நகர்த்தி, வேண்டியபடி சேர்த்துக் காட்டி 2021-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ரயில் பெட்டிகளை ஷண்டிங் செய்வது போலத்தான், கண்ணுக்குத் தெரியாத அளவில்!

பயன் என்ன? தண்டவாளத்தோரம் செம்புக் கம்பி போய் ஒளியிழை வந்ததை நான் பார்த்தவன். செய்தி ஒளியாக ஓடினாலும், கணக்குப் போட அதை மின்சாரமாக மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் ஒரு பகுதியையாவது ஒளியே செய்ய இம்மணிகள் உதவலாம். மணியின் மேல் ஏதேனும் ஒட்டினால் முகடுகள் இடம் மாறுவதால் நுண்ணிய உணர்கருவியாகவும் ஆகலாம். இன்னும் ஆய்வுக்கூட நிலைதான்.

கச்சிபௌலியின் மென்பொருள் கோபுரங்களைப் பார்த்தே பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்கிறோம். அதே சாலையில் இருக்கும் வேதியியல் கூடத்தையும் எட்டிப் பாருங்கள், அன்பர்களே. பேத்தியிடம் என் பழைய கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவள் கேட்ட பரிகாரம் ஒன்றுதான்: "பீஜப்பூருக்குக் கூட்டிப் போங்க, சின்னத் தாத்தா." டிக்கெட் எடுத்தாயிற்று.