குடலை இட்லியும் குழந்தையின் எலும்பும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான குடலை இட்லியில் என்னென்ன சேர்கிறது என்று பாருங்கள். அரிசி, உளுந்து, நெய், மிளகு, சீரகம், சுக்கு. மாவைப் புளிக்கவைத்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. உளுந்தில் அது தாராளம். உளுந்தில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. மாவு புளிக்கும்போது ஃபைட்டிக் அமிலம் குறைந்து, இரும்புச்சத்தும் துத்தநாகமும் உடலில் சேர வழி பிறக்கிறது. நெய் கிராமுக்கு 9 கலோரி தரும். அரிசியின் மாவுச்சத்து தருவது 4 தான். மிளகையும் சுக்கையும் விலக்கி, ஒரு முட்டையைச் சேர்த்துவிட்டால், ஒரு வயதுக் குழந்தைக்கு இன்றைய அறிவியல் கேட்பது ஏறக்குறைய இதைத்தான்: சிறிய அளவில் நிறைய சத்து.

இந்த அறிவு நம் மண்ணில் இருந்தும், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நான்கில் ஒரு குழந்தை. இந்திய அளவில் 35.5 சதவீதம். உலகம் முழுவதும் 2022-இல் சுமார் 14.8 கோடிக் குழந்தைகள். எடை குறைந்தால் நல்ல சாப்பாட்டில் சில வாரங்களில் ஏறிவிடும். உயரம் அப்படியல்ல. பிள்ளை கருவில் உருவானது முதல் பட்ட பாடெல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

“எங்க வம்சமே குள்ளம்தான்” என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. படித்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். 1980-களில் டேவிட் செக்லர் என்ற பொருளியலாளர், ஏழை நாட்டுக் குழந்தைகளில் பலர் உருவத்தில் சிறியவர்கள், ஆனால் ஆரோக்கியமானவர்களே என்று வாதிட்டார். சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் அதைக் கடுமையாக மறுத்தார். பிறகு உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. தாய்ப்பால், நல்ல உணவு, சுத்தமான சூழல் எல்லாம் கிடைத்த குழந்தைகள் அவர்கள். டெல்லிக் குழந்தையும் ஓஸ்லோக் குழந்தையும் ஐந்து வயதுவரை கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்ந்தார்கள். வம்சத்தைக் காரணம் காட்டும் பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

உயரம் எங்கே உண்டாகிறது? கை கால்களின் நீள எலும்புகளில், நுனிக்கு அருகே ஒரு மெல்லிய குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. அதன் செல்கள் வரிசை வரிசையாகப் பிரிந்து பெருகி, பல மடங்கு பருத்து, கடைசியில் மடிந்து எலும்புக்கு இடம் விடுகின்றன. பிறக்கும்போது 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் ஆண்டில் சுமார் 25 சென்டிமீட்டர் வளர்வது இந்தப் பட்டைகளால்தான். அதுவும் நாள்தோறும் சீராக நடப்பதில்லை. மிஷல் லாம்ப்ல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் கைக்குழந்தைகளை அடிக்கடி அளந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது வியப்பானது: பெரும்பாலான நாட்களில் குழந்தை வளர்வதே இல்லை. பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில், அப்படியே இருந்துவிட்டு, ஒரே நாளில் அரை சென்டிமீட்டரோ அதற்கு மேலுமோ நீண்டுவிடுகிறது. “நேத்துப் போட்ட சட்டை இன்னைக்குப் பத்தலை” என்று பாட்டிகள் சொல்வது மிகைப் பேச்சல்ல.

சத்துப் பற்றாக்குறை வந்தால் உடல் ஒரு முடிவெடுக்கிறது. கைக்குழந்தை ஓய்வில் செலவிடும் ஆற்றலில் பாதிக்குமேல் மூளைக்கே போகிறது. மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற வேண்டுமானால் வேறெங்காவது வெட்டியாக வேண்டும். எலும்புதான் பலியாகிறது. 1960-களில் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள், கடும் ஊட்டக்குறைவால் வீங்கிய குழந்தைகளின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோனை அளந்தார்கள். குறைவாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இருந்தது அதிகமாக. வளரச் சொல்லும் உத்தரவு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அந்த உத்தரவை ஏற்று ஐஜிஎஃப்-1 என்ற பொருளைச் சுரக்க வேண்டிய கல்லீரல் கையை மடக்கிக்கொள்கிறது. மிஞ்சிய ஹார்மோன் உடலின் கொழுப்பை எரிபொருளாக எடுத்துத் தருகிறது. வளர்ச்சியை நிறுத்தி உயிரைக் காக்கும் ஏற்பாடு இது. உடலின் இந்தச் சாமர்த்தியத்தை வியக்கலாம். அதற்கு ஒரு குழந்தையைத் தள்ளிய நம்மை மன்னிக்க முடியாது.

இந்த நெருக்கடி பெரும்பாலும் ஆறாவது மாதத்துக்குப் பிறகு முற்றுகிறது. அதுவரை தாய்ப்பால் போதும், பிறகு போதாது. எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒரு டம்ளருக்குமேல் கொள்ளாது. அதில் தண்ணீர்க் கஞ்சியை ஊற்றினால் வயிறு நிறையும், குழந்தை தூங்கிவிடும், சத்து சேராது. கெட்டியாகக் காய்ச்சினால் விழுங்க முடியாமல் துப்பும். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. முளைவிட்ட தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகும். கெட்டிக் கஞ்சி இளஞ்சூடாக இருக்கும்போது இந்த மாவைச் சிறிது கலந்தால், நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடும். சில நிமிடங்களில் கஞ்சி இளகிவிடும், கலோரி குறையாது. பிறகு ஒரு கொதி விட்டு ஆற்றிக் கொடுக்கலாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் கோதுமை, கடலை, வெல்லத்தோடு முளைகட்டிய கேழ்வரகும் சேர்வதற்கு இந்தக் காரணமும் உண்டு. அதை வீட்டில் எல்லோரும் பங்குபோட்டுச் சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

சாப்பாடு மட்டும் கதையல்ல.  வேலூர் உட்பட எட்டு நாடுகளில் எட்டு இடங்களில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வில், வயிற்றுப்போக்கே இல்லாத நாட்களிலும் குடலில் நோய்க்கிருமிகள் இருப்பதும், அவை உயரத்தைக் குறைப்பதும் தெரியவந்தன. குடலின் உறிஞ்சிகள் தேய்ந்து, தின்றது ஒட்டாமல் போகிறது. அப்படியானால் கழிப்பறையும் கைகழுவலும் போதுமா? வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆய்வுகள் 2018-ஐ ஒட்டி வந்தன. கழிப்பறை, கைகழுவல் போன்றவற்றை மட்டும் செய்த ஊர்களில் உயரம் கூடவில்லை. நல்ல உணவு சேர்ந்த இடங்களிலும் சிறிதளவே கூடியது. குழாயில் நல்ல தண்ணீர், மூடிய சாக்கடை என்று தெரு முழுவதும் மாற வேண்டியிருக்கிறது.

குடலை இட்லியின் ஊரான காஞ்சிபுரத்தின் பட்டுத்தறி வீடுகளில் இன்னொரு பற்றாக்குறையும் உண்டு: நேரம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். நெசவாளிக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் உட்கார வேண்டும். நெடுங்காலம் அந்த இடத்தில் சிறுவர் சிறுமியர் உட்கார்ந்தார்கள். மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் 2003 அறிக்கை அந்தப் பிள்ளைகளின் கொத்தடிமை நிலையைக் காஞ்சிபுரத்தின் பெயர் சொல்லிப் பதிவுசெய்தது. அந்த இடத்தில் இப்போது மனைவி உட்கார்ந்தால், பிள்ளைக்கு ஊட்டுவது யார்? ஒன்பது மாதத்திலிருந்து நாளுக்கு மூன்று நான்கு வேளை உணவு, நடுவில் ஓரிரு முறை தின்பண்டம். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக ஊட்ட அரை மணி நேரமாவது வேண்டும். கூலி சேலைக் கணக்கில் வருகிறது. எழுந்தால் தறி நிற்கும்.

தமிழ்நாடு சாப்பாடு போடுவதில் முன்னோடி. 1956-இல் காமராசரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு. நாம் பெருமைப்பட வேண்டியவை. ஆனால் இவை எட்டுவது இரண்டு வயதுக்குமேல். உயரத்தின் இழப்பு பெரும்பகுதி அதற்குள் நடந்துவிடுகிறது. 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் சரியான வயதைத் தொட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி தேங்கியவர்களுக்கு உடனே கூடுதல் உணவு தந்தார்கள். குழந்தை மெலிந்து தெரியும்வரை காத்திருக்கவில்லை. அந்த அக்கறையைப் பட்டு நெசவுத் தெருக்களுக்கும், தறியிருக்கும் இடத்துக்கு அருகே கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களாகக் கொண்டுவர வேண்டும்.

உங்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தால், எடையோடு நிறுத்தாமல் உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நிற்கவைத்து அளக்கும்போது ஆண் குழந்தை சுமார் 81 சென்டிமீட்டருக்கோ பெண் குழந்தை சுமார் 79 சென்டிமீட்டருக்கோ கீழே இருந்தால், வம்சத்தைச் சொல்லிச் சமாதானம் அடையாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.