சென்னையில் மூட்டு மாற்று மருத்துவச் சுற்றுலா

மூட்டு மாற்று மருத்துவச் சுற்றுலா என்பது, தேய்ந்துபோன இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுக்குப் பதிலாகச் செயற்கை மூட்டைப் பொருத்திக்கொள்வதற்காக ஒருவர் தம் நாட்டை விட்டுச் செலவு குறைந்த வேறொரு நாட்டுக்குச் செல்வதைக் குறிக்கும். இவ்வாறு பயணிகள் வந்து சேரும் நகரங்களுள் சென்னை குறிப்பிடத்தக்கது. ஊன்றுகோலுடன் விமானம் ஏறும் ஒருவருக்குச் சுற்றுலா என்னும் சொல் அத்தனை பொருத்தமானதன்று; எனினும் அதுவே வழக்கில் நிலைத்துவிட்டது.

செயற்கை மூட்டு

இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் சார்ன்லி ஆவார். 1962ஆம் ஆண்டில் அவர் சிறிய உலோகப் பந்து ஒன்றைப் பாலிஎத்திலீன் கிண்ணத்தில் பொருத்தி, இரண்டையும் எலும்புச் சிமெந்தினால் எலும்புடன் பிணைத்தார். முதியவர்களுக்கு இது நன்கு பயன்பட்டது. ஓடியாடி உழைக்கும் நடுவயதினரிடம் பாலிஎத்திலீன் விரைவாகத் தேய்ந்தது. இதற்கு மாற்றாக பர்மிங்காம் நகரின் டெரெக் மெக்மின் உருவாக்கிய முறையில், தொடை எலும்பின் தலை வெட்டி நீக்கப்படாமல் செதுக்கப்பட்டு, அதன்மேல் உலோகத் தொப்பி மாட்டப்படும். இது இடுப்பு மூட்டு மேற்பரப்பு மாற்று எனப்படும். 1997 முதல் இது நடைமுறையில் உள்ளது.

பயணத்தின் காரணங்கள்

பயணிகள் அனைவரும் ஒரே காரணத்துக்காக வருவதில்லை. ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வருபவர் பெரும்பாலும் காப்பீடு இல்லாதவர் அல்லது போதிய காப்பீடு பெறாதவர். ஐக்கிய இராச்சியம், கனடா ஆகிய நாடுகளில் அரசே செலவை ஏற்றாலும் காத்திருப்புப் பட்டியல் நீளமானது. மாலைத்தீவு, வங்காளதேசம், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் முதலியவற்றிலிருந்து வருவோர் தத்தம் நாட்டில் போதிய வசதி இல்லாமையால் வருகின்றனர். ஐக்கிய அமெரிக்கரே செய்திகளில் மிகுதியாகப் பேசப்பட்டனர். ஆனால் கிரீம்ஸ் சாலைப் பகுதியின் தங்கும் விடுதிகளிலும் உணவகங்களிலும் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகளைக் காண்பவருக்கு உண்மை நிலை விளங்கும். 2024 ஆகத்து மாதத்துக்குப் பின் வங்காளதேசத்தவருக்கான இந்திய நுழைவிசைவு வெகுவாகக் குறைக்கப்பட்டபோது அப்பகுதி வணிகமும் குறைந்தது.

கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ மருத்துவமனை 1983இலும், மணப்பாக்கத்தில் எலும்பு மூட்டு மருத்துவத்தை முதன்மையாகக் கொண்ட மியாட் மருத்துவமனை 1999இலும் தொடங்கப்பட்டன. ஐக்கிய இராச்சியத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அறுவை மருத்துவர்கள் பலர் இந்நகரில் இருந்தமையும் ஒரு காரணமாகும்.

செலவு

2007 அளவில் பரவலாக எடுத்துக்காட்டப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, ஐக்கிய அமெரிக்காவில் முழங்கால் மாற்றுக்குச் சுமார் 40,000 டாலரும் இந்தியாவில் சுமார் 8,500 டாலரும் ஆயின. மலிவு என்றவுடன் மூட்டும் மலிவானதோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. உண்மையில், வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பொருத்தப்படும் மூட்டுகள் பெரும்பாலும் அதே பன்னாட்டு நிறுவனங்களின் இறக்குமதிப் பொருள்களே. செலவு குறைவது ஊதியம், படுக்கைக் கட்டணம், நிருவாகம், மருத்துவர்களின் வழக்குக் காப்பீடு ஆகியவற்றிலாகும். இறுதியாகக் கூறப்பட்டதைக் கவனிக்க வேண்டும்: தவறு நேர்ந்தால் இழப்பீடு பெறும் வழி குறுகலாக இருப்பதும் விலைக் குறைவின் ஒரு பகுதியே.

இந்தியாவில் மூட்டின் விலையும் நெடுங்காலம் கட்டுப்பாடின்றி இருந்தது. 2017 ஆகத்து மாதத்தில் தேசிய மருந்து விலை நிருணய ஆணையம், அதுவரை சராசரியாக ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற கோபால்ட்டு-குரோமிய முழங்கால் மூட்டுக்கு, வரி நீங்கலாக 54,720 ரூபாய் என உச்சவிலை விதித்தது.

ஐக்கிய அமெரிக்கரும் மேற்பரப்பு மாற்றும்

ஐக்கிய அமெரிக்கர் சென்னைக்கு வந்ததற்கு விலை மட்டுமே காரணமன்று. பர்மிங்காம் மேற்பரப்பு மாற்றுக்கு அந்நாட்டின் உணவு, மருந்து நிருவாகம் 2006 மே மாதத்தில்தான் ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்னரே சென்னையில் விஜய் போஸ் முதலிய மருத்துவர்கள் இதில் தேர்ச்சி பெற்றிருந்தனர். இங்கு வந்து இச்சிகிச்சை பெற்ற பெண்மணி ஒருவரைப் பற்றி 2005இல் சிபிஎசு தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி ஒளிபரப்பியது. தம் நாட்டில் கிடைக்காத ஒன்றைத் தேடி ஐக்கிய அமெரிக்கர் இந்தியாவுக்கு வந்தது அப்போது புதுமையான செய்தி.

திரும்பப் பெறப்பட்ட மூட்டு

செயற்கை மூட்டு உடலில் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருக்கவேண்டிய பொருள். பயணமோ சில வாரங்களில் முடிந்துவிடும். இந்த இடைவெளியின் பொருளை உணர்த்தியது ஏஎஸ்ஆர் என்னும் மூட்டு. ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமத்தின் டிப்யூ நிறுவனம் தயாரித்த இந்த உலோக இடுப்பு மூட்டிலிருந்து கோபால்ட்டும் குரோமியமும் கசிந்து, சூழ்ந்த தசையைச் சிதைத்தன. பலருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. உலகெங்கும் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட நிலையில், 2010 ஆகத்து மாதத்தில் அது திரும்பப் பெறப்பட்டது.

2013இல் ஐக்கிய அமெரிக்காவில் சுமார் 8,000 பேரின் வழக்குகளுக்காக 250 கோடி டாலர் அளவிலான உடன்பாடு ஏற்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள் நடந்திருந்தன. நடுவண் அரசு அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை 2018இல் வெளியானபோது, அவர்களுள் 3,600 பேருக்கு மேற்பட்டோர் எங்கிருக்கின்றனர் என்பதே தெரியவில்லை. 30 இலட்சம் ரூபாய் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வகுக்கப்பட்டும், உரியவரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. உள்நாட்டினருக்கே இந்நிலையெனில், கடல் கடந்து ஊர் திரும்பியவரைத் தேடுவது எளிதன்று.

மூட்டு வரும் பெட்டியில் அதன் வகை, தொகுதி எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். அவற்றின் படியைக் கேட்டுப் பெற்று, மருத்துவமனை தரும் சுருக்கக் குறிப்புடன் வைத்திருப்பது நோயாளியின் கைக்கு எட்டும் எளிய பாதுகாப்பாகும்.

பிற இடர்கள்

இடுப்பு, முழங்கால் அறுவைக்குப்பின் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு மிகுதி. நெடுநேர விமானப் பயணம் அதனை மேலும் கூட்டும். எனவே புறப்படும் நாளை அறுவை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நோய்த்தொற்று மற்றோர் இடர். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு, வலிமையான நுண்ணுயிர் எதிர்ப்பிகளையும் முறியடிக்கும் என்டிஎம்-1 நொதியம் கொண்ட பாக்டீரியாக்களைச் சென்னையிலும் அரியானாவிலும் ஐக்கிய இராச்சியத்திலும் கண்டறிந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சூழ்ச்சி இது என்று இந்தியாவில் கண்டனம் எழுந்தது. நொதியத்துக்குப் புது தில்லியின் பெயரைச் சூட்டியது குறித்த மனக்குறை நியாயமானதே; கண்டறியப்பட்ட பாக்டீரியா அதனால் இல்லாமற் போய்விடவில்லை.

உள்ளூர் மக்கள்

கிரீம்ஸ் சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மயிலாப்பூரை அடுத்த கடற்கரையில் உள்ள நொச்சிக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளிலும் முழங்கால் தேய்வு அரிதன்று. டாலர் கணக்கில் மலிவான கட்டணம் அங்குள்ளோர்க்கு மலிவானதன்று. 2012 சனவரியில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்றும் அடங்கும். இதன்கீழ் இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்றவற்றில் கட்டணமின்றி அறுவை செய்துகொள்ளலாம். வேலைக்குப் போகாத வாரங்களின் வருமானத்தை இத்திட்டம் ஈடுசெய்வதில்லை.

தொடக்ககாலச் செயற்கை முழங்கால்கள் நாற்காலியில் அமரும் மக்களைக் கருதியே வடிவமைக்கப்பட்டன. பின்னர் மிகுதியாக மடங்கும் வகைகள் வந்துள்ளன. ஆயினும் குந்தி அமர்வதையும் சம்மணமிடுவதையும் தவிர்க்குமாறு மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துகின்றனர். தரையில் அரிவாள்மணையின் முன் அமர்ந்து மீன் அரிபவர், அறுவைக்குப்பின் அதே தொழிலை உயரமான மேடையில், நின்றோ முக்காலியில் அமர்ந்தோ செய்யவேண்டி வரும்.