மெதுவாகத் தோன்றும் சால்சா

ஷகீராவின் 'ஹிப்ஸ் டோன்ட் லை' 2006-இல் ஒலிக்காத இடம் குறைவு. அதன் தொடக்கத்தில் டிரம்பெட்டுகள் முழங்குமே, அந்த முழக்கம் இன்னும் பழையது. புவேர்ட்டோ ரிக்கோவின் ஜெர்ரி ரிவேரா 1992-இல் வெளியிட்ட 'குவென்டா கொன்மீகோ' ஆல்பத்தில் 'அமோரெஸ் கோமோ எல் நுவெஸ்த்ரோ' என்ற காதல் பாட்டு அதைக் கொண்டுதான் தொடங்குகிறது. எழுதியவர் பனாமாக்காரர் ஓமர் அல்ஃபானோ. பாடிய ரிவேராவுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. சால்சா என்ற நடன இசையில் 'சால்சா ரொமான்டிகா' என்கிற காதல் சால்சா ஒரு வகை; அந்த வகையில் பெருவெற்றி கண்ட ஆல்பம் அது. டீ ஆறுவதற்குள் காதல் சால்சாவின் உள்வேலையைப் பார்த்துவிடலாம்.

1970-களில் நியூயார்க்கின் ஃபானியா நிறுவனம் வெளியிட்ட சால்சாவில் டிராம்போன்கள் உறுமும், பாட்டில் தெருவும் வறுமையும் வரும். 1982-இல் 'நோச்செ காலியென்தே' என்ற ஆல்பம் வேறு வழியைக் காட்டியது. உருக்கமான காதல் பாட்டுகளை அப்படியே எடுத்துச் சால்சா தாளத்தின் மேல் வைத்தது. ஃபிராங்கி ருயிஸ், எடி சான்டியாகோ ஆகிய பாடகர்கள் அந்த வழியில் போய்ப் புகழடைந்தார்கள். ரிவேரா அவர்களுக்கு அடுத்த தலைமுறை.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காதல் சால்சா என்றால் வேகத்தைக் குறைத்த சால்சா என்று நினைக்கிறோம். பாடகர் இழுத்து இழுத்து, கொஞ்சலாகப் பாடுவதால் அப்படித் தோன்றுகிறது. குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுவதைக் கேட்டால், ஆடுகிறவர் காலுக்கு ஓய்வே கிடையாது என்பது தெரியும். கரகாட்டத்தை நினைத்துக்கொள்வோம். கால்கள் சுழன்றாடும், தலையிலுள்ள கரகம் அசையாது. ரிவேராவின் குரல் அந்தக் கரகம்.

கால்கள் எங்கே இருக்கின்றன என்று நாமே மேசையில் தட்டிப் பார்க்கலாம். ஒன்று முதல் நான்கு வரை இரண்டு முறை எண்ணுவோம். முதல் சுற்றில் ஒன்றில் ஒரு தட்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு தட்டு, நான்கில் ஒரு தட்டு. இரண்டாம் சுற்றில் இரண்டிலும் மூன்றிலும் மட்டும். இந்த ஐந்து தட்டுகளுக்குக் கிளாவே என்று பெயர். இரண்டு மரக்குச்சிகளை மோதி வாசிப்பது. சில பாட்டுகளில் இரண்டு தட்டுள்ள சுற்று முதலில் வரும். குச்சிச் சத்தம் கேட்காத இடத்திலும் எல்லா வாத்தியக்காரர்களும் மனதில் இதைத்தான் வைத்திருப்பார்கள். பேஸ் கிட்டாரோ ஒன்று என்ற எண்ணைப் பெரும்பாலும் மௌனமாக விட்டுவிடும்; முந்தைய நான்கிலேயே அடுத்த சுரத்தைத் தொட்டுவிடும். நாம் எதிர்பார்க்கிற இடத்துக்குச் சற்று முன்பே வந்து நிற்பதால் உடம்பு தானாக முன்னே சாய்கிறது.

பாட்டின் பிற்பகுதிக்கு மோன்டூனோ என்று பெயர். அதுவரை சின்னத் தோல்வாத்தியமான போங்கோவை வாசித்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, கையில் பிடிக்கிற உலோக மணியை எடுத்து ஓங்கித் தட்டத் தொடங்குவார். கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும், பாடகர் இடையிடையே புதிதாகப் பதில் சொல்வார். பழைய சால்சாவின் உயிரே இந்தப் பகுதிதான். அங்கே நிமிடக்கணக்கில் நீளும். காதல் சால்சாவில் இதைச் சுருக்கிவிட்டார்கள், கற்பனைக்கு இடம் குறைந்தது. அது உண்மையான இழப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் தாளமே போய்விட்டது என்று குறை சொல்கிறவர்கள் பேஸைக் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னும் தெளிவாகக் கேட்க ஒரு வழி இருக்கிறது. மெக்சிகோவின் ஹுவான் கேப்ரியல் 1986-இல் பாடிய 'அஸ்தா கே தே கொனோசீ' பாட்டை மார்க் ஆண்டனி 1993-இல் சால்சாவாகப் பாடினார். முதலில் பழையதைக் கேட்டுவிட்டு உடனே புதியதைப் போடுங்கள். மெட்டு மாறியிருக்காது. இரண்டாவது முறை கேட்கும்போது பாடகரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள்.