தொடாமல் விட்ட தெரிவும் ஒரு முடிவுதான்

1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர், காற்றுப் பைகளுக்குள் பொதிந்தபடி செவ்வாயில் குதித்துக் குதித்து இறங்கியது. சோஜர்னர் என்ற சிறு ஊர்தி வெளியே வந்தது; படங்கள் பூமிக்கு வரத் தொடங்கின. சில நாட்களில், வானிலைக் கருவி தரவு திரட்ட ஆரம்பித்த பிறகு, கலத்தின் கணினி அவ்வப்போது தன்னைத்தானே மீளத் தொடக்கிக்கொண்டது. அதுவரை திரட்டிய தரவு அழியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அன்றைக்கு எஞ்சியிருந்த வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. ஏவுவதற்கு முன்பு நடந்த சோதனைகளிலேயே இந்தக் கோளாறு ஓரிரு முறை தலைகாட்டியிருந்தது. திரும்ப வரவழைக்க முடியாததால் அதன் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் அகப்பட்ட காரணம் மிகச் சிறியது. கலத்தில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளத்தில், 'ஆம்' என்று இருந்திருக்க வேண்டிய ஒரு தெரிவு 'இல்லை' என்று கிடந்தது.

நிகழ்நேர இயங்குதளம் ஒரே செயலியில் பல பணிகளை மாற்றி மாற்றி ஓட்டுகிறது. உயர்ந்த முன்னுரிமை கொண்ட பணி தயாரானதும் தாழ்ந்தது ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. பாத்ஃபைண்டரில் தரவுப் பாதையை நிர்வகித்த பணிக்கு உயர்ந்த இடம். வானிலைப் பணிக்குத் தாழ்ந்த இடம். ஆனால் இரண்டும் ஒரே பூட்டைப் பகிர்ந்துகொண்டன. ஒரு சமயத்தில் ஒரு பணி மட்டுமே தொடலாம் என்று தரவைக் காக்கும் இத்தகைய பூட்டுக்கு மியூட்டெக்ஸ் என்று பெயர். வானிலைப் பணி பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது நடுத்தர முன்னுரிமைப் பணிகள் விழித்துக்கொண்டால், அவை வானிலைப் பணியை நிறுத்திவிட்டு ஓடும். நின்றுபோன பணியால் பூட்டைத் திருப்பித் தர முடியாது. அந்தப் பூட்டுக்காக, அவற்றைவிட அவசரமான தரவுப் பாதைப் பணி காத்துக் கிடக்கும். நொடிக்கு 8 முறை சுழலும் அட்டவணையில், முந்தைய சுற்றின் வேலை முடிந்ததா என்று சரிபார்க்கும் இன்னொரு பணி உண்டு. முடியவில்லை என்று அது கண்டதும், பெருங்கோளாறு எனக் கருதிக் கணினியை மீளத் தொடக்கிவிடும். விதியை ஒவ்வொரு பணியும் ஒழுங்காகத்தான் பின்பற்றியது. விளைவு மட்டும் தலைகீழாகிவிட்டது.

இதற்கு மருந்து அப்போதே தெரிந்திருந்தது. பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த பணிக்கு, காத்திருக்கும் உயர்ந்த பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுத்துவிட்டால் போதும். நடுவில் எவரும் புக முடியாது. இந்த முறையை லூயி ஷா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாட்ஸ்கி ஆகிய மூவரும் 1990-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் கணித முறையில் விளக்கியிருந்தார்கள். விஎக்ஸ்வொர்க்ஸிலும் அந்த வசதி இருந்தது, பூட்டை உருவாக்கும்போது தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு தெரிவாக. ஆனால் சிக்கலுக்குக் காரணமான பூட்டை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தார் உருவாக்கவில்லை. அவர்கள் அழைத்த ஒரு செயல்பாட்டுக்குள் இயங்குதளமே உருவாக்கியது. அதற்கான தெரிவு வேகத்தை முன்னிட்டு இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பொறியாளர்கள் பூமியிலிருந்த மாதிரிக் கணினியில் கோளாறை வரவழைத்துப் பார்த்து, அந்த மதிப்பை மாற்றும் சிறு திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். மீளத் தொடங்குவது நின்றது.

இந்தக் கதை மென்பொருள் வகுப்புகளில் பணிகளின் முன்னுரிமை பற்றிய பாடமாகச் சொல்லப்படுகிறது. அதைவிடப் பொதுவான பாடம் ஒன்று அதில் உண்டு. இயல்பு மதிப்பு என்பது, நம் கருவியைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் நமக்காக எடுத்து வைத்த முடிவு. அதை மாற்றாமல் விடும்போது நாம் முடிவெடுப்பதைத் தவிர்த்துவிடுவதில்லை. அவருடைய முடிவை, அதன் காரணத்தைக் கேட்காமலே, நம்முடையதாக ஏற்கிறோம். ஆகவே இயங்குதளத்தின் தெரிவுகளை அமைப்பது நிரல் எழுதுவதற்கு முன் முடித்துவிடும் எழுத்தர் வேலை அல்ல. அது வடிவமைப்பின் ஒரு பகுதி. நிரலுக்கு எவ்வளவு பரிசீலனையும் சோதனையும் தருகிறோமோ அவ்வளவும் அதற்கும் தர வேண்டும்.

இந்தப் பொறுப்பு உட்பொதி கருவிகளில் ஏன் இவ்வளவு கூர்மையாகிறது என்பதற்குக் காரணம் இடநெருக்கடி. மேசைக் கணினியின் இயங்குதளம் எல்லா வசதிகளையும் சுமந்து வந்து, வேண்டியதை ஓடும்போது ஏற்றிக்கொள்கிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் பரவலாகப் பயன்படுத்தும் எஸ்டிஎம்32எஃப்103சி8 என்ற சிப்பில் நிரலுக்கு 64 கிலோபைட்டும் தற்காலிகத் தரவுக்கு 20 கிலோபைட்டும்தான் உண்டு. அதனால் ஃப்ரீஆர்டிஓஎஸ், ஜெஃபிர், நட்எக்ஸ் போன்ற இயங்குதளங்கள் மூல நிரலாகவே கைக்கு வருகின்றன. எவையெவை வேண்டும் என்று கம்பைல் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அதை ஒரு தலைப்புக் கோப்பில் எழுதுகிறோம். மற்ற இரண்டும் லினக்ஸ் கர்னலிலிருந்து வந்த கேகன்ஃபிக் முறையில் பட்டியல் காட்டிக் கேட்கின்றன. வேண்டாம் என்று சொன்ன வசதி அணைந்து கிடப்பதில்லை. இறுதி நிரலில் அது இருப்பதே இல்லை. நிரல் சிப்பில் எரிக்கப்பட்ட பிறகு, மறந்துபோன ஒன்றைக் கேட்டு வாங்க வழியும் இல்லை.

அந்தப் பட்டியலில் தீங்கற்றதாகத் தோன்றும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். இயங்குதளத்தின் கடிகாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்க வேண்டும்? 1000 என்று வைத்தால் ஒரு மில்லிவினாடி நுணுக்கத்தில் பணிகளை எழுப்பலாம். ஆனால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செயலி நொடிக்கு ஆயிரம் முறை தூக்கம் கலையும், பேட்டரி கரையும். அடுத்த வரி, துடிப்புகளை எண்ணும் மாறி 16 பிட்டா 32 பிட்டா என்று கேட்கிறது. சிறிய செயலிக்கு 16 பிட் கையாள எளிது. ஆனால் ஆயிரம் துடிப்பு வேகத்தில் அது 65 வினாடிகள் சொச்சத்தில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதைவிட நீண்ட நேரம் காத்திருக்கும்படி ஒரு பணியை நேரடியாகச் சொல்ல முடியாது. 32 பிட் என்றால் 49.7 நாட்கள் தாங்கும். விண்டோஸ் 95 தொடர்ந்து 49.7 நாட்கள் ஓடினால் உறைந்துபோகும் என்று பின்னாளில் தெரியவந்ததும் இதே கணக்கால்தான். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், போயிங் 787 விமானங்களின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகள் 248 நாட்கள் இடைவிடாமல் மின்சாரம் பெற்றிருந்தால் எண்ணி நிரம்பிச் செயலிழக்கலாம் என எச்சரித்து, அதற்குள் மின்சாரத்தை அணைத்துப் போட உத்தரவிட்டது. குறியுடைய 32 பிட் எண்ணில் நூறில் ஒரு வினாடிகளை எண்ணினால் கிடைக்கும் காலம் 248.55 நாட்கள். துடிப்பு வேகத்தையும் எண்ணியின் அகலத்தையும் தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் தவறில்லை. கருவி எத்தனை நாள் அணையாமல் ஓடும் என்ற மூன்றாவது விஷயத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் பிழை தெரியும். அந்த மூன்றாவது விஷயம் இயங்குதளத்தை எழுதியவருக்குத் தெரியாது. கருவியைச் செய்பவருக்கு மட்டுமே தெரியும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இயல்பு மதிப்புகளை வைத்தவர்கள் அனுபவசாலிகள். ஆயிரக்கணக்கான கருவிகளில் அவை ஓடித் தேறியிருக்கின்றன. நேற்று வந்த பொறியாளர் அதில் கை வைத்தால் நன்மையைவிடக் கேடே அதிகம் விளையும் என்பார்கள். மாற்றுவது ஆபத்து என்பதில் உண்மை உண்டு. பாத்ஃபைண்டர் குழுவினரும் அந்த மதிப்பை மாற்றினால் வேகம் எவ்வளவு குறையும், வேறு எது உடையும் என்று ஆராய்ந்த பிறகே திருத்தத்தை அனுப்பினார்கள். ஆனால் கேள்வி, மாற்றுவதா வேண்டாமா என்பதல்ல. காரணம் தெரிந்து அப்படியே வைப்பதும் காரணம் தெரியாமல் அப்படியே விடுவதும் ஒரே கோப்பைத் தரலாம். ஆனால் முதலாவதில் மட்டுமே, சூழ்நிலை மாறும்போது எதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று தெரியும். வேகத்துக்காக அணைத்து வைத்தது என்பது விஎக்ஸ்வொர்க்ஸ் செய்த நிறுவனத்தைப் பொறுத்தவரை சரியான காரணமே. அவசரப் பணியும் சாவகாசப் பணியும் ஒரே பூட்டைப் பகிரும் கலத்துக்கு அந்தக் காரணம் பொருந்தவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்றைய சந்தையிலிருந்து வருகிறது. சிப்புகள் மலிந்துவிட்டன, எல்லாவற்றையும் 'ஆம்' என்று வைத்துவிட்டால் சிந்திக்கும் வேலை மிச்சம்தானே? 1996 ஜூன் 4 அன்று வெடித்துச் சிதறிய ஏரியேன் 5 ராக்கெட் இதற்குப் பதில் சொல்கிறது. அதன் திசைகாட்டும் மென்பொருள் ஏரியேன் 4-இலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. தரையில் நிற்கும்போது அச்சுகளை நேர்ப்படுத்தும் பகுதி ஒன்று, பழைய ராக்கெட்டின் தேவைக்காக, மேலெழுந்த பிறகும் 40 வினாடிகள் அளவுக்கு ஓடும்படி விடப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டில் அதற்கு வேலையே இல்லை. இருந்தும் அது ஓடியது. புதிய பாதையின் பெரிய கிடைமட்ட வேகத்தைக் குறித்த 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் அடைக்க முயன்று நிலைகுலைந்தது. ராக்கெட் திசை தவறியது. ஆபத்துக்குரிய 7 மாறிகளில் 4-க்கு மட்டும் பாதுகாப்பு வைத்து, கணினியின் பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இலக்குக்காக மற்ற 3-ஐ விட்டிருந்தார்கள் என்று விசாரணைக் குழு கண்டது. வேண்டாத பகுதி ஓடிக்கொண்டிருந்தது. வேண்டிய பாதுகாப்பு அணைந்திருந்தது. இரண்டு முடிவுகளுக்கும் ஏரியேன் 4-இல் காரணம் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. எல்லாம் 'ஆம்' என்பதன் இன்னொரு விலையை 2016-இல் மிராய் தீநிரல் காட்டியது. டெல்நெட் வாயில் திறந்திருந்த, தொழிற்சாலைக் கடவுச்சொல் மாறாத கேமராக்களையும் ரூட்டர்களையும் அது படையாகத் திரட்டியது. அவை பெரும்பாலும் லினக்ஸில் ஓடியவை. ஆயினும் கட்டளை ஏற்கும் ஷெல்லைச் சோதனைக்காகத் திறந்து வைத்து, அப்படியே விற்பனைக்கு அனுப்பும் பழக்கம் எந்த இயங்குதளத்திலும் அதே கதவைத்தான் திறக்கும்.

அப்படியானால் இன்றியமையாததைத் தவிர எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்று எதிர்முனைக்குப் போவதும் சரியல்ல. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஒவ்வொரு பணிக்கும் ஸ்டாக் எனப்படும் தனி நினைவிடம் உண்டு. அது நிரம்பி வழிந்தால் பக்கத்திலிருக்கும் தரவைச் சத்தமில்லாமல் அழிக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு தெரிவு இருக்கிறது. நினைவிடத்தைத் தெரிந்த ஒரு மதிப்பால் முன்கூட்டியே நிரப்பிவைத்து, பணி மாறும்போதெல்லாம் கடைசிச் சில பைட்டுகள் கலையாமல் இருக்கின்றனவா என்று அது பார்க்கும். இயல்பாக இது அணைந்திருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் நேரம் பிடிப்பதால், உருவாக்கும்போதும் சோதிக்கும்போதும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது அதன் ஆவணம். ஆனால் சோதனையில் இருந்த ஒன்றை விற்பனைப் பிரதியில் எடுத்துவிட்டால், பணிகள் மாறும் நேரக் கணக்கும் மாறுகிறது. நாம் சோதித்த நிரலும் வாடிக்கையாளர் கையிலிருக்கும் நிரலும் ஒன்றல்ல. பாத்ஃபைண்டர் குழு வேறு வழியைப் பின்பற்றியது. பறக்கப்போவதையே சோதிப்பது, சோதித்ததையே பறக்கவிடுவது என்ற கொள்கைப்படி, பிழை தேடும் வசதிகளைக் கலத்திலேயே விட்டு வைத்தார்கள். எல்லாக் கருவிக்கும் இது பொருந்தாது. ஆனால் வெட்டுவதென்றால் வெட்டிய பிறகு மறுபடி முழுவதும் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லாக் கருவிக்கும் பொருந்தும்.

மிக வலுவான மறுப்பு கணக்கிலிருந்து வருவது. ஆம் அல்லது இல்லை என்ற 33 தெரிவுகள் இருந்தாலே சேர்க்கைகள் 859 கோடி; உலக மக்கள்தொகையைவிட அதிகம். உண்மையான இயங்குதளங்களில் தெரிவுகள் இதைவிடப் பல மடங்கு. யாரால் எல்லாவற்றையும் ஆராய முடியும்? இயங்குதளத்தைச் செய்பவருக்கு இது தீராத தலைவலி. அதனால்தான் அவரது உத்தரவாதத்தை எல்லைக்கு மேல் நம்ப முடியாது. நம்முடைய குறிப்பிட்ட சேர்க்கையை அவர் ஒருமுறைகூட ஓட்டிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கருவி செய்பவருக்கு இந்தக் கணக்கு சாதகமாகவே திரும்புகிறது. அவர் சோதிக்க வேண்டியது 859 கோடியில் ஒன்றை மட்டும்: தாம் அனுப்பப்போகும் ஒன்றை. அதிலும் எல்லாத் தெரிவுகளுக்கும் ஒரே கனம் இல்லை. காலம், நினைவகம், பூட்டுகள், வெளியிலிருந்து உள்ளே வரும் வாயில்கள் ஆகிய நான்கைத் தொடுபவற்றை முதலில் பார்த்தாலே பெரும்பகுதி ஆபத்து வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

நடைமுறையில் இதற்குப் பெரிய செலவும் இல்லை. ஜெஃபிர் போன்றவை, நாம் எழுதிய சில வரிகளையும் தாமாக எடுத்துக்கொண்ட எல்லா இயல்பு மதிப்புகளையும் சேர்த்து முழுமையான கோப்பு ஒன்றைப் பில்டின்போது உருவாக்குகின்றன. பரிசீலனைக்கு வர வேண்டியது நாம் எழுதிய சிறு பட்டியல் மட்டுமல்ல, அந்த முழுக் கோப்பும்கூட. அதை ஒவ்வொரு வெளியீட்டோடும் சேமித்து வைத்தால், இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு மாறும்போது நாம் தொடாமலே எந்த மதிப்பு மாறியது என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். முக்கியமான ஒவ்வொரு தெரிவுக்கும் அருகில் ஒரு வரி விளக்கம் எழுதலாம்: ஏன் ஆம், ஏன் இல்லை, கருவியின் எந்த இயல்பு மாறினால் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்குக்கூடத் திருத்தம் அனுப்ப முடிந்ததே என்று தேறுதல் கொள்வது எளிது. அதற்கென ஒரு தகவல் தடமும், காரணத்தைத் தேட ஓர் ஆய்வகமும் அவர்களிடம் இருந்தன. மண்ணுக்கடியில் புதைத்த தண்ணீர் மீட்டருக்கும் சுவருக்குள் அடைத்த கட்டுப்பாட்டுப் பலகைக்கும் பெரும்பாலும் அப்படி ஒரு தடம் இருப்பதில்லை. கம்பைல் செய்த அன்று எடுத்த முடிவே அவற்றின் ஆயுள் முழுக்க ஓடும். காரணம் கேட்க வேண்டிய நாளும் அதுதான்.