தொண்டரும் பணியாளரும் : தங்கால் வழக்கு முதல் சிவகாசி வழக்கு வரை

பிறர் துயர் துடைத்தலை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டாரை நம் இலக்கியமும், அதன் வழித்தோன்றலாகிய திரைப்படமும், செய்தித்தாளும் எவ்வாறு காட்டியுள்ளன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாராய்ச்சிக்குத் திருத்தங்கலைத் தொடக்கமாகக் கொள்ளுதல் பொருத்தமுடையது. சங்கப் புலவர் சிலருடைய பெயர்க்கு அடையாய் நின்ற தங்கால் என்னும் பழம்பதி இதுவே. 2021ஆம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த இவ்வூரைச் சூழ்ந்து தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வளர்ந்துள்ளன.

1. தங்கால் வழக்கு

சிலப்பதிகாரக் கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றது. சேரன்பாற் பெரும்பொருள் பெற்று மீண்ட பராசரன் தங்காலில் இளைப்பாறினான். ஆங்கு மறை ஓதிய சிறுவன் தக்கிணாமூர்த்திக்கு அணிகலன்களைப் பரிசாக அளித்துச் சென்றான். அதுகண்டு பொறாத அரசியற் பணியாளர், சிறுவனின் தந்தை வார்த்திகன் புதையல் கவர்ந்தான் எனப் பழிசுமத்திச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து புலம்பினாள். கொற்றவை கோயிற் கதவம் திறவாதாயிற்று. தன் ஆட்சியில் முறைபிழைத்ததோ என ஐயுற்ற பாண்டியன், நிகழ்ந்ததை அறிந்துவருமாறு ஏவினான். ஏவலர் உண்மையை உரைத்தனர். மன்னன் பிழைபொறுக்க வேண்டித் தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு வழங்கினான். அவ்வளவில் நில்லாது, நாட்டின் சிறைக்கதவங்களைத் திறப்பித்து, கிடைத்த பொருள் பெற்றவர்க்கே உரியது என்று பறையறைவித்தான்.

இக்கதையில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. ஒருவர்க்கு நேர்ந்த துன்பத்தின் தீர்வு அனைவர்க்குமுரிய நெறியாக விரிந்தது என்பது ஒன்று. உண்மையை உசாவி அறிந்து உரைத்தவர்க்குக் காப்பியத்தில் பெயரில்லை என்பது மற்றொன்று. புலம்பியவளுக்குப் பெயர் உண்டு. தெய்வத்துக்கும் அரசனுக்கும் சிறப்பு உண்டு. இடைநின்று உண்மையைக் கொணர்ந்தார் வெறும் ஏவலராய் மறைகின்றனர். இம்மறைவு பிற்கால ஊடகங்களிலும் தொடர்தலை மேலே காண்போம்.

2. அருளாளராகக் காட்டும் மரபு

மணிமேகலைக் காப்பியம் துயர் துடைப்பாரையே தலைமை மாந்தராக்கியது. ஆபுத்திரன் மதுரையில் இரந்து பெற்ற உணவைக் குருடர், செவிடர், முடவர், நோயுற்றோர் முதலியோர்க்கு முதலில் அளித்து, எஞ்சியதையே உண்டான். மணிமேகலை உலக அறவியில் பசிப்பிணி தீர்த்தாள். சோழன்பால் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். பாண்டிநாட்டில் மழை பெய்து வளம் பெருகியபின், ஆபுத்திரனிடம் உணவு வேண்டுவார் இலராயினர். அவன் பசித்தோரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கலமேறினான். இடையே மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பிறரை ஊட்ட இயலாத உயிரை வேண்டாது துறந்தான். துன்பம் இல்லாத இடத்தில் தொண்டர்க்கு இடமில்லை என்னும் நுண்பொருள் ஈண்டுப் புலனாகின்றது.

ஆயினும் இம்மாந்தர் கையில் இருப்பது அமுதசுரபி. அள்ளக் குறையாத கலத்தை உடையார்க்குச் செலவுக் கணக்கும், ஊதியமும், தோல்வியும் இல்லை. ‘தொண்டு’ என்னும் சொல்லே அடிமைத்திறத்தைக் குறித்து, பின்னர் இறைவனுக்கும் அடியார்க்கும் செய்யும் பணியைக் குறித்தது. உழவாரம் ஏந்திய அப்பர் கூலி பெற்றார் என எவரும் எண்ணார். எனவே, தொண்டு செய்வார் ஊதியம் பெறுதல் இழுக்கு என்னும் எண்ணம் இம்மரபிலேயே வேர்கொண்டது எனலாம்.

3. இலட்சிய மாந்தராகக் காட்டும் மரபு

கே. சுப்பிரமணியம் இயக்கி 1939இல் வெளிவந்த ‘தியாகபூமி’யும், ஆனந்த விகடனில் தொடர்ந்து வந்த கல்கியின் அக்கதையும் இம்மரபைத் திரைக்குக் கொணர்ந்தன. பாபநாசம் சிவன் நடித்த சம்பு சாஸ்திரி, வெள்ளத்தில் வீடிழந்த அரிசனங்கட்குப் புகலளித்து ஊராரால் ஒதுக்கப்படுகின்றார். பின்னர்ச் சென்னைக் குப்பத்து மக்களிடையே வாழ்ந்து அவர்க்கு உழைக்கின்றார். விருதுநகர் மாவட்டத்து நதிக்குடியிற் பிறந்த நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மல’ரில் வரும் பூரணியும் அரவிந்தனும் இவ்வழியினரே. சம்பு சாஸ்திரி தியாகத்தாற் சிறப்படைகின்றார், பயிற்சியால் அன்று. குறிஞ்சி மலரின் இணையரும் தூய நோக்கத்தாலேயே உயர்கின்றனர்.

ஆனால் இக்காலத்திற்குள் சமூகப்பணி பயின்று செய்யும் தொழிலாக மாறியிருந்தது. சேன் ஆடம்சு 1889இல் சிக்காகோவில் அல் இல்லத்தைத் தொடங்கினார். மேரி ரிச்மண்டு 1917இல் வெளியிட்ட நூல், துன்புறுவார் நிலையை உசாவி அறியும் முறையை வகுத்தது. பம்பாயில் 1936இல் டாட்டா பள்ளியும், சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா யாதவ் முயற்சியால் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியும் தோன்றின. ஈரம் உடைய நெஞ்சோடு, உசாவும் அறிவும், குறித்துவைக்கும் ஒழுங்கும், தொடர்ந்து கண்காணிக்கும் பொறுமையும் இத்தொழிலுக்கு இன்றியமையாதன. கதைமரபு இம்மாற்றத்திற்கு ஈடுகொடுக்கவில்லை.

4. சிவகாசி வழக்கு

சிவகாசி வட்டாரத்துச் சிறுவர் உழைப்புப் பற்றி 1986இல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம் அச்சிறுவர் நிலையைப் பலரும் அறியச் செய்தது. கரிசல் மண்ணின் நாவலாசிரியர் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ தீப்பெட்டித் தொழிலிற் சிக்கிய சிறாரையும் அவர்தம் குடும்பத்தையும் காட்டியது.

1996 திசம்பர் 10இல் வந்த தீர்ப்பு, சிவகாசியில் தொடங்கிய வழக்கை நாடு முழுமைக்கும் விரித்தது. சட்டத்தை மீறிச் சிறுவர் ஒருவரை வேலைக்கமர்த்தியவர் 20,000 உரூபா செலுத்துதல் வேண்டும். அச்சிறுவர்க்கு மாறாகக் குடும்பத்தில் வளர்ந்தார் ஒருவர்க்கு வேலை தருதல் வேண்டும். தர இயலாவிடின் அரசு 5,000 உரூபா சேர்த்தல் வேண்டும். அந்நிதியின் வருவாய் சிறுவர் கல்விக்குப் பயன்படுதல் வேண்டும் என்பன அதன் கூறுகள். ஒருவர் வழக்கு அனைவர்க்கும் நெறியான தங்கால் நிகழ்ச்சியை இஃது ஒருவாறு நினைவூட்டுகின்றது.

தீர்ப்பு தானே வீடு புகாது. ஆறு திங்களுக்குள் சிறுவரைக் கணக்கெடுக்குமாறு மன்றம் பணித்தது. வீடுதோறும் சென்று வயதை அறிதல், முன்பணக் கடனை உசாவுதல், சிறுவர் கூலி நின்றால் அடுப்பெரியுமா எனக் கேட்கும் தாய்க்கு விடை கூறுதல், 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்துச் சிறப்புப்பள்ளியிற் சேர்த்தல், சேர்ந்தபின் நின்றுவிடாமற் காத்தல் ஆகிய இவையெல்லாம் ஒருவர் செய்யவேண்டிய பணிகள். ஊடகச் சித்திரத்தில் சிறுவரின் கந்தகம் படிந்த கை முன்னிற்கின்றது. நீதிபதியின் ஆணை முன்னிற்கின்றது. 2012இல் முதலிப்பட்டியில் நேர்ந்தது போன்ற வெடிவிபத்து முன்னிற்கின்றது. இடைநின்ற பணியாளர், பழைய ஏவலரைப் போலவே, பெயரின்றி மறைகின்றார்.

5. முடிபு

இம்மறைவை இலக்கியக் குறை என மட்டும் கொள்ளலாகாது. தொண்டரைத் தெய்வமாக்கிக் காணப் பழகிய கண், ஊதியம் பெறும் பணியாளரைக் கண்டவுடன் ஐயுறுகின்றது. அவர் தியாகியாதல் வேண்டும், அன்றேல் பொருள் பறிப்பவராதல் வேண்டும் என இரண்டே வடிவங்களை அஃது அறியும். அதனால் அத்தொழிலுக்குரிய மதிப்பும் ஊதியமும் குறைகின்றன. தக்க இளைஞர் அதனை நாடாது விலகுவர். அக்குறையின் பயனை இறுதியில் நுகர்பவர் பள்ளியை விட்டு மீண்டும் தொழிற்கூடம் செல்லும் சிறுவரே.

அமுதசுரபி இல்லாத ஆபுத்திரனைப் படைத்துக்காட்டுவதே இனிவரும் தமிழ்ப் புனைவின் கடன். குறிப்பேடும், குறைந்த ஊதியமும், சில வெற்றிகளும், பல தோல்விகளும் உடைய மாந்தராக அவர் காட்டப்படுதல் வேண்டும். தங்கால் மன்னனுக்கு உண்மை உரைத்தாரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் உரையாதிருந்தால் கோயிற் கதவம் திறந்திராது என்பது மட்டும் தெளிவு.